வருஷத்துக்கு இருநூறு நட்சத்திரம்

விண்வெளியின் ஒரு மூலையில் இரண்டு நட்சத்திர மண்டலங்கள் இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. தங்களிடம் இருந்த வாயு மேகங்களைக் கொண்டு ஆளுக்கு வருஷம் ஒரு நட்சத்திரம் செய்து, சத்தமில்லாமல் பிழைத்துவந்தன.

ஒன்றையொன்று இழுத்து இழுத்து, கடைசியில் இரண்டும் மோதிக் கலந்தன. மேகத்தோடு மேகம் நெரிந்து, வருஷத்துக்கு இருநூறு நட்சத்திரங்கள் பற்றிக்கொண்டன.

"அக்கா, எல்லாரும் நம்மளையே பாக்குறாங்க!" என்றது சின்னது.

"பாக்கட்டும். இன்னும் கொளுத்து" என்றது பெரியது.

நெரிபட்ட மேகம் ஒன்று கெஞ்சியது. "தாயே, எங்கள்ல கொஞ்சம் பேரையாவது மிச்சம் வைங்க. நாளைக்கு எதை வச்சு நட்சத்திரம் பண்ணுவீங்க?"

"நல்ல நேரத்துல அபசகுனமாப் பேசாதே" என்று பெரியது அதையும் கொளுத்தியது.

புது நட்சத்திரங்களில் பெரியவை எல்லாம் சீக்கிரமே வெடித்தன. மிச்சம்மீதி வாயுவையும் அந்த வெடிப்பு வெளியே அடித்துத் தள்ளியது. அதற்கப்புறம் அங்கே ஒரு நட்சத்திரம்கூடப் பிறக்கவில்லை. இரண்டும் ஒரே உடம்பாகி, சிவந்து மங்கிக் கிடந்தன.

அப்போது வெகு தூரத்திலிருந்து வேறொரு மண்டலத்தின் குரல் வந்தது.

"அக்கா, உங்க வெளிச்சம் இப்பத்தான் எங்ககிட்ட வந்து சேர்ந்துச்சு. என்ன அழகு! பாத்ததுலேருந்து எங்களுக்கு இருப்புக்கொள்ளல. நானும் பக்கத்து மண்டலமும் தொட்டுடுற தூரத்துக்கு வந்துட்டோம்."

"வேண்டாம்டி!" என்று பெரியது அலறியது.

அந்த அலறலும் வெளிச்சத்தின் வேகத்தில்தான் கிளம்பியது. போய்ச் சேர ஐந்து கோடி வருஷம் ஆகும்.