மெர்வின் பல்செட்டு

"வாயைத் தொறங்க ராசா" என்று முதியோர் இல்லப் பணிப்பெண் நோலீன் மறுபடியும் கெஞ்சினாள்.

மெர்வ் உதட்டை இறுக்கிக்கொண்டார். காலமெல்லாம் ஆட்டு ரோமம் கத்தரித்த கை. அவள் மணிக்கட்டைப் பிடித்தால் இப்போதும் லேசில் விடாது.

சில மாதங்களாகவே சாப்பாட்டைத் துப்பினார். ஊட்டப் போனவர்களை அடித்தார். ஞாபகம் தப்பியவர்களுக்குக் கடைசியில் இப்படித்தான் என்று, முதியோர் இல்லத்துக்கு வந்துபோகும் டாக்டர் தூக்க மாத்திரையைக் கூட்டிவிட்டார். பெர்த்திலிருக்கும் மகளை வரச் சொல்லியாகிவிட்டது.

பல் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் நாள் முழுக்கக் காரில் போகவேண்டிய ஊர் அது. அதனால்தான் இந்தப் புது ஏற்பாடு. பேனா மாதிரி ஒரு கேமரா, ஒரு டேப்லெட், அதன் திரையில் சிட்னியிலிருந்து பல் டாக்டர் இலேனி.

நோலீனுக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட். இடுப்பு விட்டுப்போயிருந்தது. இதுவும் நம் தலையில்தானா என்று நினைத்துக்கொண்டே கேமராவை நீட்டினாள்.

"ஆட்டைக்கூட நான் இந்தப் பாடு படுத்தினதில்லடி" என்றார் மெர்வ்.

திட்டத் திறந்த வாய்க்குள் கேமரா நுழைந்துவிட்டது.

திரையில் ஈறு ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் புண்.

இலேனி சொன்னபடி நோலீன் மேல் பல்செட்டைக் கழற்றினாள். மெர்வ் அலறினார். கழற்றி முடித்ததும் அடங்கிப்போனார். நாக்கால் அண்ணத்தை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"டீ கெடைக்குமா?"

அவராக வாய்விட்டுக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. இவர் சாகக் கிடக்கிறவர் இல்லை. பசியோடு கிடந்தவர்.

செட்டைத் திருப்பிக் காட்டச் சொன்னாள் இலேனி. உட்புறத்தில் பொறித்த பெயர் தேய்ந்துபோய், வெறும் கண்ணுக்குக் கீறலாகத்தான் தெரிந்தது. கேமரா அதைப் பெரிதாக்கிக் காட்டியது.

ஐவி.

"இது இவரோடதே இல்லையே! கழுவுறப்போ மாறியிருக்கு. அப்போ இவர் செட்டு அந்த ஐவி அம்மா வாயில இருக்கும். பாவம், அவங்களும் சாப்பிட முடியாமத்தான் கெடப்பாங்க. மொதல்ல போய் அவங்களைப் பாருங்க."

"சரிங்க டாக்டர்" என்றாள் நோலீன்.

ஐவியைப் போன மாதம் அடக்கம் செய்தார்கள். அவளும் ஊட்டியதையெல்லாம் துப்பித் துப்பித்தான் போய்ச் சேர்ந்தாள். வாழ்ந்தது போதும் என்று முடிவு பண்ணிவிட்டாள் என்றார்கள் எல்லோரும்.

பெட்டியில் முகம் லட்சணமாக இருக்கட்டும் என்று குளிப்பாட்டித் தலைவாரி, பல்செட்டை மாட்டி அனுப்பியவள் நோலீன்தான்.

அது சரியாக உட்காரவில்லை. உயிர் போனால் வாய் சுருங்கிவிடும் போல என்று நினைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தி மாட்டினாள்.