பம்ப் சத்தம் கேக்குதா?

ஒர்க்‌ஷாப் போன் அடித்தது. மெக்கானிக் அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். எதிரே தம்பி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மேடம், கார் கண்ணாடியில உங்க நம்பர் ஒட்டியிருக்கு. என் ஸ்போர்ட்ஸ் கார் நடுவழியில நின்னுபோச்சு. அவசரம்!"

"பதறாதீங்க சார். என்ன வண்டி?"

"சிவப்பு, ரெண்டு சீட்டு."

"நல்லா ஓடி, சூடானதும் அணைஞ்சிடுச்சா?"

"ஆமா! பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்களே!"

"சாவியைத் திருப்பினா பின்னாடி பெட்ரோல் பம்ப் சத்தம் கேக்குதா?"

"மூச்சே இல்ல மேடம்."

அக்காவின் முகம் மலர்ந்தது. "சின்ன விஷயம்தான். சாவி ஆன்லயே இருக்கட்டும், அணைச்சிடாதீங்க. எங்க நிக்கிறீங்க?"

"மேம்பாலத்துக்குக் கீழே, பெட்ரோல் பங்க் எதிர்ல."

"அங்கேயே இருங்க. ஆள் அனுப்புறேன்."

அவள் போனை வைப்பதற்குள் தம்பி தன் செல்போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"இன்ஸ்பெக்டர் சார்! காலையில சாவியோட களவு போன என் கார் மேம்பாலத்துக்குக் கீழே நிக்குது. திருடன் உள்ளேயேதான் இருக்கான். மெக்கானிக்குக்காகக் காத்திருக்கான்!"

சாயங்காலம் கார் பத்திரமாக வந்து சேர்ந்தது.

"ஏன்க்கா அவன்கிட்ட சாவியை அணைக்க வேண்டாம்னு சொன்னே?"

"பம்புக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலே சூடானாதான்டா மக்கர் பண்ணும். அணைச்சு ஆற விட்டா கிளம்பிடும், திருடனும் பறந்திருப்பான்." அக்கா புது ரிலேவை எடுத்தாள். "மாத்திக் கொடுன்னு ஒரு மாசமா உயிரை எடுத்தியே, மாத்திடட்டுமா?"

தம்பி பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"உனக்குப் புண்ணியமாப் போகும்க்கா, அது மேல மட்டும் கை வைக்காதே!"