வலியே இல்லாத முழங்கால்

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் ரெண்டு முழங்கால்கள்; ஒருத்தருடைய இடது, இன்னொருத்தருடைய வலது. ரெண்டுக்கும் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன். மரத்துப்போகிற ஊசியை இடதுக்குத் தொடையிடுக்கிலும், வலதுக்கு நடுத்தொடையிலும் போட்டிருந்தார்கள்.

“எனக்கு வலியே இல்லப்பா. உனக்கு?” என்றது இடது.

“கொஞ்சம் சுருக்குங்குது.”

“பாவம், மட்டமான ஊசி போட்டுட்டாங்க.”

கதவு வரைக்கும் நடந்து காட்டினால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் நர்ஸக்கா. நாமதான் முதல் ஆள் என்று இடது துடித்தது. “எழும்புடா” என்று தொடையை அதட்டியது. இடுக்கில் போட்ட ஊசியில் தொடையும் சேர்ந்து மரத்துக் கிடந்தது. நர்ஸக்கா பிடித்ததால் இடது தரையில் விழாமல் தப்பித்தது.

வலது முனகிக்கொண்டே நடந்து காட்டி, வீட்டுக்குக் கிளம்பியேவிட்டது.

சாயங்காலம் அந்தக் கட்டிலுக்குப் புது முழங்கால் வந்தது. “இங்க இருந்தவர் எங்கண்ணே?”

“அவனா? வலி தாங்காம வீட்டுக்கு ஓடிட்டான்” என்றது இடது.