நாள் தள்ளிப்போனது

"மூணு மாசமாச்சா?"

மாமியார் பாக்கியலட்சுமி கேட்டாள். ருக்மணி கிழிந்த சேலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"என்கிட்ட ஏன்டி மறைச்சே?"

"எப்படிச் சொல்றது அத்தை?"

"அந்த அஞ்சலை கேட்டுத்தான் எனக்குத் தெரியணுமா? 'என்னக்கா, உன் மருமகளைத் தினமும் கிணத்தடியில பாக்குறேன், அவ தூரமே ஆகமாட்டாளா'ன்னு அத்தனை பேர் முன்னால கேக்குறா. எனக்கு வாளி கைநழுவிடுச்சு."

காஜா பேராங்கில் அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே கிணறுதான். விலக்கான நாள்களில் பெண்கள் அதைத் தொடமாட்டார்கள். பக்கத்து வீட்டார்தான் இறைத்து ஊற்றுவார்கள். அதனால் யாருக்கு எப்போது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மூன்று மாதமாக ருக்மணி யாரிடமும் தண்ணீர் கேட்டு நிற்கவில்லை.

"என் புள்ளை சேது ஜப்பான்காரனோட சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் போய் வருஷம் ஒண்ணாச்சு. ஊருக்கே தெரியும். இப்ப நீ வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னா என்ன கேப்பாங்க?"

"நடத்தை கெட்டவன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்."

"சொல்றதோட விட்டுடுவாங்களா? அஞ்சலை புருஷன் ஜப்பான்காரன் ஆபீஸே கதின்னு கிடக்கிறவன். மறந்துட்டியா?"

ருக்மணி ஊசியை நிறுத்தினாள். பாக்கியலட்சுமி முந்தானைக்குள்ளிருந்து ஒரு பப்பாளிக்காயை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"வேற வழியில்லை ருக்கு. பச்சையாத் தின்னுடு. கலைஞ்சுடும்."

"அத்தை!"

"நான் கல்லு இல்லடி. எனக்கு மட்டும் வலிக்காதா?"

"ஒரு புள்ளைக்காக எத்தனை வருஷம் ஏங்கினேன்னு உங்களுக்குத் தெரியாதா? இதைக் கொன்னுட்டு நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?"

பாக்கியலட்சுமியின் கண் நிறைந்துவிட்டது. பப்பாளிக்காயை மறுபடியும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சரி. முதல்ல மரியம் அக்காவைக் கூட்டிட்டு வர்றேன். அவங்க பாத்துச் சொல்லட்டும்."

மருத்துவச்சி மரியத்துக்கு வாய் பெரிது. ஆனால் ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொன்னதில்லை. வந்தவள் ருக்மணியைப் பாயில் படுக்க வைத்து அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு வெற்றிலையை வாயின் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பாக்கியம், இங்க ஒண்ணுமில்லை."

"நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"எத்தனை புள்ளையைத் தூக்கின கை இது! வயித்துல காத்துதான் இருக்கு. இங்க மட்டுமா, கிளேபாங் வரைக்கும் போய்ப் பாரு, பாதிப் பொம்பளைங்களுக்கு இப்ப இப்படித்தான். தனக்கே சோறில்லாத உடம்பு ரத்தத்தை எங்கேர்ந்து சிந்தும்? நிறுத்திக்கிடும். என் பிழைப்புலயும் மண்ணு விழுந்துடுச்சு, போ!"

பாக்கியலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ருக்மணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"தப்பிச்சேன்னு சந்தோஷப்படாம எதுக்குடி அழுவுறே?" என்று அதட்டிய மரியம், அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்ததும் முகம் மாறினாள். "இது சரியில்லையே பாக்கியம். நீயும் அதே கிழங்கைத்தான் திங்கிறே, ஓடியாடி நடக்கிறே. இவ எலும்பாயிட்டாளே! தன் பங்கை ஒழுங்கா திங்கிறாளா, இல்ல யாருக்காவது தூக்கிக் கொடுத்துடுறாளா?"

"மெதுவாப் பேசுங்கக்கா."

"எதுக்கு மெதுவாப் பேசணும்? எவன் கேட்டா எனக்கென்ன? இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா இவளைத் தூக்கிட்டுப் போக நாலு ஆம்பளை தேடணும். ஊர்ல அதுக்கும் ஆள் இல்லை, சொல்லிட்டேன்!"

மாமியாரும் மருமகளும் மரியத்தை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். கிணற்றடியில் அஞ்சலை காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னடி பாக்குறே?" என்றாள் மரியம். "உனக்கு இந்த மாசம் வந்துச்சா, முதல்ல அதைச் சொல்லு!"

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு குடத்தோடு உள்ளே போய்விட்டாள்.

பாக்கியலட்சுமி கதவைத் தாழிட்டுவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். "துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கணும் ருக்கு. காப்பாத்திட்டாரு."

"காப்பாத்த என்ன இருந்துச்சு அத்தை? ஒண்ணுமே இல்லையே," என்றாள் ருக்மணி. தன் ஒட்டிய வயிற்றில் அவள் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.

பாக்கியலட்சுமி அண்ணாந்து பரணைப் பார்த்து மெல்லக் கூப்பிட்டாள். "சேது, அவங்க போயாச்சு. பயமில்லை. இறங்கி வாப்பா."

சத்தமே இல்லை. ருக்மணி பெட்டிமேல் ஏறிப் பலகையைத் தள்ளினாள்.

சயாமிலிருந்து தப்பி வந்து மாதக்கணக்கில் அங்கே ஒளிந்திருந்த அவள் புருஷனைக் காணவில்லை; அத்தாப்பு ஓலைக் கூரையை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விலக்கிக்கொண்டு போயிருந்தான். மத்தியானம் அவள் தன் பங்கைக் குறைத்துக் கொடுத்த கிழங்கு மட்டும், ஒரு துண்டும் குறையாமல் அவளுக்காக இருந்தது.