பெருங்காய டப்பா

“பிள்ளை உண்டாக எவ்வளவு வாய்ப்பு இருக்குன்னு ரெண்டு பேரையும் சோதிச்சாத்தான் சொல்ல முடியும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். செண்பகவல்லி ஊசி, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் உடம்பைக் கொடுத்தாயிற்று. அவள் கணவன் ஞானசேகர் விந்து எடுத்துத் தர வேண்டிய சிறிய பிளாஸ்டிக் டப்பா மட்டும் மாதக்கணக்கில் ஃபிரிட்ஜின் மேல் காலியாகக் கிடந்தது. ஒருநாள் மாமியார் அதில் ஒட்டியிருந்த மகனின் பெயரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பெருங்காயத்தூளைக் கொட்டி வைத்தாள். அன்று முதல் ரசத்துக்கு அதிலிருந்துதான்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தில், தன் மகளின் புகுந்த வீட்டார் முன்னால், “ஒண்ணு பெத்துக் குடுக்க இவளுக்கு வக்கில்ல. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு என்ன கொறை?” என்றாள் மாமியார். ஞானசேகர் குனிந்து ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

செண்பகவல்லி சமையலறையிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்து அவன் இலையருகே டொக்கென்று வைத்தாள்.

“இது பெருங்காயத்துக்குக் குடுத்ததில்ல அத்தை. டாக்டர் உங்க மகனுக்குக் குடுத்தது. சித்திரையிலேர்ந்து கெஞ்சறேன், இன்னும் நிரப்பித் தரலை.”

பிசைந்த கை நின்றது. சம்பந்தியம்மாள் மெதுவாகத் தன் இலையை மூடினாள்.

செண்பகவல்லி கரண்டியை எடுத்தாள். “வேற யாருக்கு ரசம்?”