ஐசோடோப் லேபில் ஒரு கேள்வி

“யாராவது உண்டாகியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. வீட்டுக்காரர் கையெழுத்தோட லெட்டர் வேணும். இல்லன்னா உள்ள விடமாட்டேன்.”

சார் பொதுவாகத்தான் சொன்னார். கரும்பலகையைப் பார்த்துச் சொன்னார்.

வகுப்பில் தாலி கட்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

எல்லாத் தலையும் திரும்பியது.

“இல்ல சார்.”

நாள் தள்ளிப்போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பெண் பார்க்க வந்த அன்றே மாமியார் சொல்லியிருந்தாள். உண்டாகிற வரைக்கும் காலேஜுக்குப் போகட்டும்.

அப்பா தலையாட்டினார். பத்தாவது தாண்டாத குடும்பத்தில் ஒருத்தி பௌதிகம் படிப்பதே அதிகமாம்.

அவளை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பிராக்டிகல் இல்லாமல் டிகிரி இல்லை.

சொன்னால் லெட்டர். லெட்டர் என்றால் வீடு. வீடு என்றால் முடிந்தது.

சார் காரீயப் பெட்டியைத் திறந்தார். இடுக்கியை அவளிடம் நீட்டினார். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் கதிரியக்க சோர்ஸ்.

இந்தக் கதிர்வீச்சு மிகக் கொஞ்சம். பயப்பட ஒன்றுமில்லை. பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள்.

கை முன்னால் போனது.

உடம்பு பின்னால் போனது.

முதுகில் சுவர் இடித்தது.

“என்னம்மா, பாம்பப் பிடிக்கிற மாதிரி?”

பையன்கள் சிரித்தார்கள். அவர்களிடம் எவரும் எந்த லெட்டரும் கேட்டதில்லை.

பார்ட்னர் ஜெனிட்டா வந்து இடுக்கியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அவ கண்ணாடி கொண்டு வரல சார். ரீடிங் நான் பாக்கேன். அவ எழுதட்டும்.”

அவள் கண்ணாடி போடுவதே இல்லை.

கதவோரம் போய் நின்றாள்.

கதிரை எண்ணும் கவுண்டர் படபடவென்று அடித்தது. ஜெனிட்டா சோர்ஸைத் தள்ளித் தள்ளி வைத்தாள். சத்தம் குறைந்தது. தூரம் கூடினால் குறைய வேண்டும். இன்றைய சோதனையே அதுதான்.

எழுதியதைச் சரிபார்ப்பதுபோல் ஜெனிட்டா பக்கத்தில் வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே தெரு.

“காலைல குழாயடில ஒங்க அத்தை எங்கம்மாட்ட கேட்டாங்கடி. மருமவ ஏன் சோத்தப் பாத்தாலே எந்திரிச்சு ஓடுறான்னு.”

காகிதத்தில் பேனா முனை அழுந்தியது. மை ஊறிப் பரவியது.

அந்த வரியை அடித்துவிட்டு, கீழே புதிதாக ஒரு கோடு போட்டாள்.

“அடுத்த ரீடிங் சொல்லு.”