மிலானில் ஒரு கைவரிசை

மகள் கலையரசி மிலானில் வேலைக்குச் சேர்ந்த மறு வருடமே அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருடம் தேய்ந்த வேதாசலத்துக்கு இதுதான் முதல் வெளிநாடு.

காலையில் பெரிய மாதா கோயில். கூரை வரை ஏறிப் பார்த்தார்கள். டிராமில் ஜன்னலோர சீட் கிடைத்ததில் மனைவி ஜோதிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஐஸ்கிரீம் விலையை ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது என்று மகள் உத்தரவே போட்டுவிட்டாள்.

எல்லாம் அந்த ஷூ கடைக்குள் நுழையும் வரைதான். ஒரு கறுப்பு ஷூவைக் கையில் எடுத்து உள்ளே எட்டிப் பார்த்த வேதாசலம், சட்டென்று அதை வைத்துவிட்டு வெளியே வந்தார். அப்புறம் எந்த அரண்மனையும் அவர் மனதில் ஏறவில்லை.

“இன்னாங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?” என்றாள் ஜோதி.

“மறுபடியும் அந்தக் கடைக்குப் போவணும். இன்னைக்கே முடிக்கலன்னா ஊர்ல என் வேலை காலி.”

திட்டத்தைக் காதோடு காதாகச் சொன்னார். ஜோதி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“மாட்டிக்கினா மானம் போய்டும். கலைக்குத் தெரிஞ்சா பேஜார்.”

“அதான் அவள காபி வாங்க அனுப்பிட்டேன். உன் பையில இருக்குதே, அத எடுத்துக் குடு.”

கொடுத்தாள். சோறு போட்ட வேலையாயிற்றே.

ஜோதிக்குத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். அதனால் என்ன? அரை டஜன் செருப்புகளைப் போட்டுப் போட்டுக் கழற்றி, கடைப் பெண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பவிடாமல் பார்த்துக்கொண்டாள். வேதாசலம் கறுப்பு ஷூவோடு தூண் மறைவில் ஒதுங்கினார். கைக்குள் ஏதோ மின்னியது. எதையோ அவசரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாசலைத் தாண்டுவதற்குள் காவலாளியின் கை தோளில் விழுந்தது. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. காபியோடு ஓடி வந்த கலையரசி அழுதேவிட்டாள்.

“இன்னாப்பா பண்ண?”

வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் அவருடைய சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் துழாவினார். முதலில் ஒரு நகவெட்டி வந்தது.

அடுத்து வந்தது, மூன்று மாதத்துக்கு முன்பு ஆம்பூரில் வேதாசலமே தரம் பார்த்து, ‘குறையில்லை’ என்று தன் நம்பர் முத்திரையைக் குத்தி அனுப்பிய அந்த ஷூவில் நீட்டிக்கொண்டிருந்த அரை அங்குல நூல்.